காத்தா, காஸா?

போன கிழமை நம்ம வகுப்புக் குழுவில் ஒருவர் காற்றுத் துப்பாக்கி ஒன்றின் படத்தைப் போட்டு, குரங்கு விரட்ட இது வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தார். நீங்களெல்லாம் கீழே சிரிப்பு முகங்களைக் கொட்டியிருந்தீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. "டீச்சர் ஏன் மௌனம்?" என்று ஒருவர் கேட்டார். கோபமில்லை. அந்தப் படத்தில் இருந்த மாதிரி ஒன்றை எனக்குத் தெரியும். அதற்கு வேண்டிய காற்றை என் பள்ளிப் பைக்குள் சுமந்தவள் நான். அப்போது என் பக்கத்து மேசையில் இருந்த உங்களுக்கே அது தெரியாது.

நமக்கு முப்பது தாண்டிவிட்டது. ஆண்களில் பாதிப் பேருக்கு முன்தலை வெளித்துவிட்டது, மீதிப் பேர் கட்டாரில் தொப்பி போட்டு மறைக்கிறார்கள். இனிச் சொன்னால் யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கும்போதும் வாசல் கதவை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் உங்களுக்கும் போயிருக்காது.

நாம் ஏழாம் ஆண்டு படித்த வருஷம். நமது பக்கத்தில் சண்டை ஓய்ந்திருந்தது, ஆனால் ஓட்டமாவடிப் பாலத்தடியில் காவலரண் அப்படியே இருந்தது. வயல் வட்டைக்குப் போகும் வாய்க்கால் வரம்பில் இரண்டு ஆமிக்காரர் சைக்கிளில் காலையும் மாலையும் போய்வருவார்கள். அந்தக் காலத்தில் என் மாமா, உம்மாவின் தம்பி, கட்டாரிலிருந்து லீவில் வந்தார். அங்கே அவருக்கு ஏசி கம்பிரசர் திருத்தும் வேலை. அவர் வந்து ஒரு மாதம் கழித்துக் கப்பலில் வந்த பெட்டிகளுக்குள், இரும்புச் சாமான்களோடு சாமானாக, நம்ம பேச்சில் துவக்கு என்கிற அந்தத் துப்பாக்கி பாகம் பாகமாக வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாப்பாவின் சோளனைக் குரங்கு தின்று முடிக்கிறது என்று உம்மா போனில் அழுததுதான் காரணம் என்பது மட்டும் தெரியும்.

மாமா அதை அறைக்குள் பாயில் விரித்துப் பூட்டினார். சுருள்வில்லை மடக்கி அடிக்கும் சாதாரணக் காத்துத் துவக்கு இல்லை அது. சுடுகிற குழலுக்குக் கீழே இன்னொரு தடித்த குழாய் இருந்தது. அதற்குள் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைக்க வேண்டும். டயருக்குள் இருப்பதைவிட நூறு மடங்கு இறுக்கமாம். முன்னால் ஒரு சின்ன வட்டக் கண்ணாடிக்குள் முள் ஒன்று, பச்சைக் கோட்டைத் தொடும்வரை நிரப்பினால் முப்பது குண்டு சுடலாம்.

மாமாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வந்த பிளாஸ்டிக் கட்டையைக் கழற்றிவிட்டு, முதிரை மரத்தில் தோளுக்கு அளவாக ஒரு கட்டை செதுக்கினார். உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் போய் வால்வைத் தட்டும், தட்டும்போது காற்று வெளியேறிக் குண்டைத் தள்ளும். அந்தச் சுத்தியலின் வில்லை எடுத்துவிட்டு, அதைவிடக் கடினமான வில் ஒன்றை வெட்டிப் போட்டார். அதன்பின் குண்டு தூரத்துக்குப் போனது, ஆனால் காற்றையும் இரண்டு மடங்கு குடித்தது. முப்பது குண்டு பதினைந்தாகக் குறைந்தது. கையால் அடித்து நிரப்பினால் ஒரு மணித்தியாலம் ஆகும், நெஞ்சு நொந்துபோகும். அதனால் கல்குடாவில் மூழ்கிக் கடலட்டை குளிக்கிற ஒருவரிடம், ஒரு முழ நீளத்தில் சிறிய காற்றுப் போத்தல் ஒன்றை வாங்கினார். அவரிடம் குளிகாரரின் போத்தல்களை நிரப்பும் கம்பிரசர் இருந்தது. போத்தலையும் துவக்கையும் இணைக்கிற பித்தளை மூட்டை நம்ம பஸார் லேத் கடையில் கடைந்தெடுத்தார்கள். எதற்கென்று கடைக்காரருக்குச் சொல்லவில்லை.

யாருக்கும் சொல்லவில்லை. அதுதான் கதையே.

வீட்டுக்குள்கூட 'துவக்கு' என்ற சொல் கூடாது என்று உம்மா சட்டம் போட்டார். சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். தமிழில் வேறொன்றும் தெரியாத ஆமிக்காரனுக்கும் 'துவக்கு' தெரியும். அதனால் அதற்குப் 'பம்பு' என்று பெயர் வைத்தோம். காற்றுப் போத்தலைப் பற்றி யாரும் கேட்டால் 'இறால் குஞ்சுக்கு' என்று சொல்ல வேண்டும். அந்த நாளில் இறால் குஞ்சுகளைக் காற்றடைத்த பைகளில் கொண்டுபோவார்கள், ஆகவே யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். நல்ல பொய் என்று மாமா பெருமைப்பட்டார்.

போத்தலைக் கல்குடாவுக்குக் கொண்டுபோய் வரும் வேலை எனக்கு வந்தது. வெள்ளைச் சீருடையும் தலையில் பர்தாவும் போட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் புத்தகப் பையை ஆமி திறக்காது என்பது வாப்பாவின் கணக்கு. சனிக்கிழமையில் வகுப்பு என்று சொல்லிவிட்டு நான் சைக்கிள் மிதிப்பேன். இப்போது என் வகுப்பில் அந்த வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வாப்பா மீதும் மாமா மீதும் கோபம் வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது எனக்குப் பெருமைதான்.

மாமா துவக்கைப் பார்த்துக்கொள்ளும் விதம் எனக்குப் பிடிக்கும். காற்றுக் குழாயின் மூட்டுகளில் சின்னச் சின்ன றப்பர் வளையங்கள் இருக்கும். அவை காய்ந்தால் காற்றுக் கசியும். குழாயைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார். வந்த இடத்தின் வளையத்தை மாற்றி, ஒரு சின்னக் குழலிலிருந்து வெள்ளைக் கிறீஸை விரல் நுனியில் தொட்டுப் பூசுவார். வேறு எதையும் கிட்ட விடமாட்டார்.

"மச்சான், எண்ணெய் ஒரு துளிகூட இதுக்குள்ள போகக் கூடாது. அமுக்கத்தில எண்ணெய் பத்தும்" என்று வாப்பாவிடம் சொன்னார்.

"எண்ணெய் பூசாத இரும்பு எங்க இரிக்கி? நீங்க கட்டார்ல படிச்சதெல்லாம் இஞ்ச சரிவராது" என்றார் வாப்பா.

வாப்பாவுக்கு எண்ணெய்தான் சர்வரோக நிவாரணி. சைக்கிள் செயின், கதவுப் பிணைச்சல், தண்ணிப் பம்பு, எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு எண்ணெய். எங்களுக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். எண்ணெய்க்கு மிஞ்சிய பரிகாரம் உலகத்தில் இல்லை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

சோளன் பால் பிடித்து முற்றத் தொடங்கிய கிழமையில், மாமா விசா அலுவலாகக் கொழும்புக்குப் போனார். போன மறுநாளே முள் இறங்கத் தொடங்கியது. கசிவு. வெள்ளைக் கிறீஸ் குழலை வாப்பா பிதுக்கிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, வட்டையிலிருந்த காவல் வாடிக் குடிசைக்குள் உட்கார்ந்து, மூட்டைக் கழற்றி, தண்ணிப் பம்புக்கு ஊற்றும் எண்ணெயை எடுத்து வளையங்களுக்கெல்லாம் தாராளமாகப் பூசினார். சோற்றுப் பெட்டி கொண்டுபோன நான் அதைப் பார்த்தேன்.

"மாமா வேணாமெண்டாரே வாப்பா."

"மாமா குரங்குக்குக் காவல் இரிக்கிறாரா, நானா? வாய மூடிட்டுப் போ. அங்கால பாத்துக்கிட்டு நிக்கிறான்."

அங்கால என்றால் வாய்க்காலுக்கு அடுத்த வட்டை. அதில் பயிர் செய்தவர் ஒரு தமிழ் அண்ணன். சண்டைக் காலத்தில் தமிழருக்கும் நம்ம முஸ்லிம் ஆட்களுக்கும் இடையில் இரண்டு பக்கமும் நடந்தவை உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. வாப்பாவும் அவரும் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து வட்டையில் வேலை செய்தும், மழை வருமா என்பதைத் தவிர வேறு பேசியதில்லை. அவருக்கு முன்னால் வாய் திறக்காதே என்பதுதான் வாப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் புத்தி.

சனிக்கிழமை காலை நான் வெறும் போத்தலோடு கல்குடாவுக்குப் போனேன். குளிகாரரின் மனைவி முற்றத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "அவர் அட்டை குளிக்கப் போயிட்டார் மகள். ரெண்டு கிழமையாகும்" என்றார். கம்பிரசர் கொட்டகையில் பூட்டுத் தொங்கியது.

வெறும் போத்தலோடு திரும்பிப் போக எனக்கு மனமில்லை. குரங்குக் கூட்டம் ஒரு பின்னேரத்தில் அரை ஏக்கரை முடித்துவிடும், வாப்பாவின் முகம் என்னவாகும் என்று தெரியும். பஸாருக்கு வந்தபோது லேத் கடை திறந்திருந்தது. மூட்டைக் கடைந்தவர்தானே, அவருக்குத் தெரியாததா என்று நுழைந்தேன். அங்கேயே இரும்பு ஒட்டும் வேலையும் நடந்தது.

கடைக்காரர் போத்தலைக் கையில் எடுத்துப் பித்தளை மூட்டைத் தடவினார். "நான் கடைஞ்சதுதான். என்ன புள்ள வேணும்?"

"இதுக்கு அடைச்சுத் தாங்க."

"காத்தா, காஸா?"

"காத்து."

"என்னத்துக்கு?"

"இறால் குஞ்சுக்கு."

"அப்பச் சரி. குஞ்சுக்கு இதவிட நல்ல காத்து இல்ல" என்று சொல்லி, மூலையில் நின்ற உயரமான கறுப்புச் சிலிண்டரில் குழாயைப் பூட்டினார்.

அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. அந்தக் கடையில் இரண்டு சிலிண்டர்கள் இருந்தன. எரிவதற்கு ஒன்று, அதற்குக் காஸ் என்று பெயர். அதை வெட்டுச் சுவாலையாக்குவது மற்றது, அதற்குக் காத்து என்று பெயர். நம்ம ஊரில் ஆஸ்பத்திரியில் மூக்கில் வைப்பதும் காத்து, டயருக்கு அடிப்பதும் காத்து, கடலில் குளிகாரர் இழுப்பதும் காத்து. அன்று அவர் அடைத்தது ஒட்சிசன். இறால் குஞ்சுக்கென்றால் அதுதான் சரி.

போத்தல் நிரம்பும்போது கடையில் வேலை செய்த பொடியன் சிலிண்டரைப் பிடிக்க வந்தான். கடைக்காரர் அவன் கையைத் தட்டிவிட்டார். "எண்ணெய்க் கையோட காத்துச் சிலிண்டரத் தொடாத எண்டு எத்தின தரம் சொல்ற! கடையோட சேத்து மேல போயிருவம்."

மாமாவும் எண்ணெய் கூடாது என்றார், இவரும் எண்ணெய் கூடாது என்கிறார். வாப்பா பூசியிருக்கிறார். ஆனால் என்னவென்று கேட்பது? எதைப் பற்றிக் கேட்கிறேன் என்று சொல்லாமல் அதை எப்படிக் கேட்பது?

பாலத்தடியில் ஆமிக்காரர் ஒருவர் சைக்கிளின் பின்னாலிருந்த என் பையைக் கையால் தூக்கிப் பார்த்தார். அப்படி முன்பு யாரும் செய்ததில்லை. "பொத்தகம் பாரம்" என்றார்.

"ஓம் சேர். படிப்புக் கூட" என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆளின் குரலாகக் கேட்டது. அவர் சிரித்துவிட்டுப் பையைக் கீழே விட்டார். நான் நிற்காமல் வீடுவரை மிதித்தேன்.

வாப்பா வாசலில் காத்துக்கொண்டு நின்றார். போத்தலைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, சோறுகூடத் தின்னாமல் வட்டைக்குப் போய்விட்டார். எங்கே நிரப்பினாய் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்குடாவைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது என்பது கட்டளை. சொன்னால் ஏச்சு விழும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

கால் மணித்தியாலத்தில் உம்மாவின் போனுக்கு மாமா கொழும்பிலிருந்து எடுத்தார். உம்மா குளித்துக்கொண்டிருந்ததால் நான் பேசினேன்.

"காத்து அடிச்சாச்சா புள்ள?"

"ஓம் மாமா. கல்குடா அண்ணன் இல்ல. லேத் கடையில அடிச்சன்."

"எதில இருந்து அடிச்ச? கறுப்பு உசரச் சிலிண்டரா?" என்றார்.

"ஓம்."

"வாப்பா எங்க?"

"வட்டைக்குப் போய்ட்டாங்க."

"எண்ணெய் கிண்ணெய் பூசினாரா?"

"நேத்துப் பூசினாங்க மாமா."

மாமா என் வாழ்நாளில் என்னை அதட்டியதில்லை. அன்று அதட்டினார். "ஓடு! பம்பத் திறக்க வேணாமெண்டு சொல்லு. ஓடு புள்ள!"

வாப்பாவிடம் அப்போது போன் இல்லை. நான் சைக்கிளை எடுத்தேன். வாய்க்கால் வரம்பு தொடங்கும் இடத்தில் மணல். டயர் புதைந்து விழுந்தேன். முழங்கால் தோல் போனது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அறுத்த நெல் வேளாண்மையின் வைக்கோல் மணமும் வாய்க்கால் சேற்று மணமும் மூச்சோடு ஏறின. வரம்பில் எனக்கு முன்னால் ரோந்து ஆமிக்காரர் இரண்டு பேரும் சைக்கிளில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஓடினேன். அடுத்த வட்டை அண்ணன் வரப்பில் நின்று என்னைப் பார்த்தார்.

சோளன் வரிசைகளுக்கு இடையில் வாப்பா தெரிந்தார். வாடிக்கு முன்னால் முழந்தாளிட்டு, துவக்கை மடியில் வைத்து, போத்தலின் குழாயைப் பூட்டி முடித்திருந்தார். வலது கை போத்தலின் திருகில் இருந்தது.

"வாப்பா! பம்பத் தொடாதீங்க!"

வாப்பா தலையைத் தூக்கினார். கிணற்றடியில் சாக்குப் போட்டு மூடியிருந்த தண்ணிப் பம்பைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தொடல்லயே மகள்!" என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்தார்.

"பம்பு வாப்பா! பம்பு!"

"அது மூடித்தானே கிடக்கு!" குனிந்தபடியே சொன்னார். அவர் விரல்கள் திருகை இறுகப் பிடிப்பதை நான் பார்த்தேன்.

எனக்கு வேறு சொல் இருக்கவில்லை. பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"துவக்கு! வாப்பா, துவக்கு!"

அந்தச் சொல் வட்டை முழுக்கப் போனது. நெருப்பைத் தொட்டவர் மாதிரி வாப்பாவின் கை திருகிலிருந்து விலகியது. துவக்கைச் சாக்குக்குள் தள்ளிவிட்டு எழுந்து, நான்கு எட்டில் என்னிடம் வந்து, என் இடது கன்னத்தில் அறைந்தார். காது கூவியது. "எங்கள எல்லாரையும் கொல்லப் போறியா?" என்று பல்லுக்குள் கேட்டார்.

ஆமிக்காரர் இரண்டு பேரும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். ஒருவரின் கை தோளிலிருந்த துப்பாக்கிக்குப் போனது. "துவக்கு? கோ துவக்கு?" எங்கே துவக்கு என்று கேட்கிறார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வட்டை அண்ணன் சத்தமாகச் சிரித்தார். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி இந்தப் பக்கம் வந்தார்.

"சேர், சேர்! பம்பு, பம்பு. தண்ணி மோட்டர். புள்ள மோட்டரைத் துவக்கச் சொல்லுறா. துவக்கு, ஸ்டார்ட், ஸ்டார்ட்!" என்று கையால் கயிறு இழுத்துக் காட்டினார். பிறகு வாப்பாவைப் பார்த்து, நம்ம ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது மாதிரி, "காக்கா, மகள் எவ்வளவு நேரமாக் கத்துறா. பம்பைத் துவக்குங்களன்" என்றார்.

வாப்பா கிணற்றடிக்கு நடந்தார். சாக்கை எடுத்து, கயிற்றைச் சுற்றி இழுத்தார். பிடிக்கவில்லை. இரண்டாம் தரமும் பிடிக்கவில்லை. மூன்றாம் இழுவையில் பம்பு புகை கக்கிக்கொண்டு துவங்கியது. இன்னும் சில நாளில் முறிக்க இருந்த, தண்ணீர் வேண்டாத சோளனுக்குத் தண்ணீர் பாய்ந்தது. விவசாயம் தெரிந்த எவரும் சிரித்திருப்பார்கள். ஆமிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிறகு போனார்கள். துவக்கு இருந்த சாக்கு பத்தடி தூரத்தில் கிடந்தது.

அண்ணனும் போனார். வாடிப் பக்கம் அவர் ஒரு தரமும் திரும்பவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எத்தனையோ நாளாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை பஸ்ஸில் மாமா வந்தார். சாப்பிடாமல் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார், வாப்பாவும் நானும் பின்னால் போனோம். போத்தலைத் தென்னைக்குப் பக்கத்தில் வைத்துத் திருகைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். ஒரு நீளமான ஈர்க்கைக் கொளுத்தி, சுவாலையை ஊதி அணைத்து, நுனியில் தணல் மட்டும் இருக்கக் கையை எட்டி நீட்டினார். தணல் அந்தக் காற்றைத் தொட்டதும் வெள்ளையாகப் பற்றி, ஈர்க்கு கையளவுக்கு எரிந்து வந்தது. மாமா அதைத் தண்ணீரில் எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

"இது அந்த எண்ணெய் பூசின குழாய்க்குள்ள போயிருந்தா, மச்சான்..." என்றார்.

"பெரிசாக் கதைக்காதீங்க" என்று வாப்பா எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

அன்றே மாமா துவக்கைக் கழற்றினார். தோணியில் போய் இரும்பையெல்லாம் ஆற்றுக்குள் வெவ்வேறு இடத்தில் போட்டார்கள். முதிரைக் கட்டையை மட்டும் எறிய மனம் வரவில்லை. உம்மா அதைக் கிணற்றடியில் உடுப்பு அடிக்கிற கட்டையாக வைத்துக்கொண்டார், இன்றும் இருக்கிறது. சோளனில் பாதியைக் குரங்கு தின்றது.

வாப்பா அதைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த வட்டை அண்ணனுக்கு நன்றி சொன்னதாகவும் நான் கேட்கவில்லை. ஆனால் அதுவரை 'அவன்' என்று சொன்னவர் அன்றிலிருந்து 'அவர்' என்றார். எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. நான் வாப்பாவின் உயிரைக் காப்பாற்றினேன் என்று அவருக்குத் தெரியுமா, அல்லது சொல்லக் கூடாத சொல்லைச் சொன்னவளாக மட்டும்தான் அவர் நினைவில் இருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் ஒட்சிசனுக்குத் தணல் குச்சிப் பரிசோதனை செய்து காட்டும்போது என் இடது காது கூவும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். நான் வாப்பாவை நினைத்துக் கோபப்படுவேன். அந்தக் கோபத்தை மறைக்க நான் விரும்பவில்லை, அது இருந்தது.

இந்த வருஷம் நோன்புக்கு முன் வாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தோம். வந்து பார்த்த சொந்தக்காரரெல்லாம் வெளியே போய்ப் போனில் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "காத்து வச்சிரிக்கி." வாப்பா முகமூடிக்குள் கண்ணை மூடிக் கிடந்தார். இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் உம்மா பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உள்ளி காய்ச்சிய தேங்காயெண்ணெய். உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வாப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வாப்பாவின் கை எழுந்து உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது. மற்றக் கையால் முகமூடியைச் சற்றுத் தூக்கினார்.

"எண்ணெய் வேணாம்."

"என்னங்க இது, எண்ணெய் வேணாமெண்டு நீங்களா சொல்ற? பூசினா நெஞ்சு இளகுமே."

வாப்பா உம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இது அந்தக் காத்து" என்றார். "மகளுக்குத் தெரியும்."

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையிலிருந்த எண்ணெயைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டார். நான் குனிந்து வாப்பாவின் முகமூடியைச் சரியாக வைத்தேன். அவர் கை மேலே வந்து, என் பர்தாவுக்கு மேலால் இடது காதைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.